ஓசூருக்கு ஒரு போதை மீட்பு நீதிமன்றம்: பிரிவு 39-ஐ முன்வைத்து

  

1. வழக்கு

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூர் அப்போது அம்மாவட்டத்தின் ஒரு வட்டம். எல்லையைத் தாண்டினால் அடுத்த அடி மைசூர் சமஸ்தானம். அன்று முதல் நாம் எல்லைச் சோதனைச் சாவடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சரக்கைப் பிடிக்கிறோம், ஆளை விட்டுவிடுகிறோம்.

போதைக்கு அடிமையானவரை நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றம் 1989-இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. ஓசூரிலும் தொடங்கலாம் என்று நான் வாயெடுத்தாலே சட்டத்துறை நண்பர்கள் இரண்டு தடை சொல்வார்கள்: நம் சட்டத்தில் அதற்கு இடமில்லை, இருந்தாலும் தனிச் சிறப்பு நீதிமன்றம் வேண்டும். இரண்டையும் இன்று தீர்த்துவிட்டே மேடையிலிருந்து இறங்குவேன்.

2. பிரிவு 39

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் ஒடிசா ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டைப்பையில் சில கிராம் கஞ்சா. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதிகபட்சத் தண்டனை ஓராண்டு, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேர் கூப்பிடுகிறார்கள், ஒப்புக்கொள்கிறார், மேஸ்திரியிடம் கடன் வாங்கி அபராதம் கட்டுகிறார், இரவு ஷிப்டுக்குப் போகிறார். கேஸ் முடிந்தது. பழக்கம் முடியவில்லை.

1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைப் (NDPS) பிரித்துப் பாருங்கள். போதைக்கு அடிமையான ஒருவரைச் சிறிய அளவு வழக்கில் குற்றவாளி எனத் தீர்மானித்த பிறகும், உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்துடன், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்கிறது பிரிவு 39. ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அறிக்கை திருப்தியளித்தால், மூன்றாண்டு வரையிலான நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்கலாம். ஜாமீன்தாரர் கட்டாயமில்லை, ஊர்பேர் தெரியாத இடத்தில் ஜாமீனுக்கு ஆள் தேடும் வெளிமாநிலத்தாருக்கு இது எத்தனை பெரிய சலுகை! மருத்துவமனை தமிழ்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பெங்களூரில், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

பிரிவு 64ஏ இன்னும் ஒரு படி மேலே போகிறது: தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் வழக்கே கிடையாது. 2001-இல் கோகைன் வழக்கில் கைதான ஓர் இந்தி நடிகர் 2012-இல் மும்பையில் இதன்படிதான் விடுபட்டார். நடிகருக்குத் திறந்த கதவு தொழிலாளிக்கு ஏன் திறக்கவில்லை? தட்டச் சொல்ல வக்கீல் இல்லை.

இனி இரண்டாவது தடை. மூன்றாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய வழக்குகளே சிறப்பு நீதிமன்றத்துக்குரியவை. நம் தொழிலாளியின் வழக்கை ஓசூர் மாஜிஸ்திரேட்டே விசாரிக்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மருத்துவர், ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஓர் ஆலோசகர்: போதும்.

3. எஞ்சியவை

டாபென்டடால் வலி மாத்திரை இச்சட்டத்தின் பட்டியலில் இல்லை; மதுவும் இல்லை. அவற்றுக்கு அடிமையானவர்களுக்கு வேறு வழி காண வேண்டும்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் 91 நாள் நோய்க்கால உதவித்தொகை சிகிச்சைக் காலத்துக்குக் கிடைக்குமா என்பதை ஒரு மாணவர் ஆராயலாம். ஓசூர் நீதிமன்றப் பதிவேடுகளில் பிரிவு 39 எத்தனை முறை வந்திருக்கிறது என்று இன்னொருவர் எண்ணலாம். பெண் தொழிலாளர் விடுதிகள், மருந்துக்கடைகள் பற்றித் தனியே எழுத வேண்டும்.