கையால் உண்ணும் விருந்து
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

அண்மையில் நாங்கள் குடும்பத்துடன் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியிலுள்ள ஜப்பானிய உணவகம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். விலை மிகுந்த இடம். ஆயினும் ஆரவாரம் இல்லை. மெல்லிய விளக்கொளி, தாழ்ந்த குரலில் பேச்சு, கை துடைக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. மர மேடைக்கு அப்பால் நின்ற சமையற்கலைஞர், எங்கள் கண்ணெதிரிலேயே சோற்றைக் கையால் பிடித்து, அதன்மேல் மீன் துண்டத்தை அமர்த்தி, ஒவ்வொன்றாக அளித்தார். மீன் பக்கத்தையே சோயாச் சாற்றில் தோய்க்க வேண்டுமாம். சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும் என்றார்.

சுஷி என்றதும் பச்சை மீன் என அஞ்சுவோர் நம்மிடையே பலர். உண்மையில் சுஷிக்கு உயிராவது புளிப்பூட்டிய சோறே. பண்டைக் காலத்தில் மீன் கெடாதிருக்கும் பொருட்டு, அதனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்துப் பல திங்கள் புளிக்க வைத்தனர். முதலில் சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்டனர். பின்னர்ச் சோற்றையும் உண்ணத் தலைப்பட்டனர். நாளடைவில், காத்திருக்கும் வேலையின்றிச் சோற்றில் காடியைக் கலந்தே புளிப்பேற்றினர். 1820-களில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்பவர் கையால் பிடிக்கும் சுஷியைப் பரப்பினார் என்பர். அந்நாளில் அது தெருக்கடையில் நின்றபடியே உண்ணும் எளிய உணவு. 2013-இல் ஜப்பானியரின் உணவு மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

புளிப்பால் சோற்றைக் காப்பது நமக்குப் புதிதோ? சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு வண்டி ஏறியபோதெல்லாம் நம் தாய்மார் புளியோதரை கட்டித் தந்தது எதன் பொருட்டு?

எங்களுடன் வந்த பாட்டி மீன் உண்ணாதவர். அவருக்கு வெள்ளரித் துண்டை உள்ளே வைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு வந்தது. குச்சிகளைக் கண்டு திகைத்தவர், "கையால் உண்ணலாமா?" என்று மெல்லக் கேட்டார். எங்கள் மகன் நாணத்துடன் அதனை ஆங்கிலத்தில் கேட்டான். பொது இடங்களில் கையால் உண்ணாதீர்கள் என்று எங்களைத் தடுப்பவன் அவனே! சமையற்கலைஞரோ முறுவலித்து, "தாராளமாக, சுஷியைக் கையால் உண்பதும் எங்கள் மரபே" என்றார். பாட்டி உண்டார். சற்று நேரத்தில் மகனும் குச்சிகளைக் கீழே வைத்தான்.

அன்பர்களே! தெருக்கடைச் சோறு இத்துணை உயர்ந்தது மீனால் மட்டுமன்று. சோறு வடிக்கும் பக்குவத்தையே பல ஆண்டுகள் பயின்று, அதனை நாணாமல் உலகின் முன் வைத்தமையால் உயர்ந்தது. நம் பிள்ளைகளோ பள்ளியில் தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவும் கூசுகின்றனர். குறை அவர்களுடையதன்று, அதன் பெருமையை நாம் எடுத்துரைக்கவில்லை.

பிற நாட்டார் விருந்தை மகிழ்ந்து உண்போம். ஆனால், நம் உணவின் மதிப்பைப் பிறர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? வெளியே பந்தியில் இலை விரித்திருக்கிறார்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் காத்திருக்கின்றன. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, கதை சொல்லி, கையால் உண்போம், வாருங்கள்!