உபகாரமா, ஊதியமா?



இளைப்பாறியோர் மாதந்தோறும் பெறும் பணத்தை நம்மவர் நெடுங்காலம் 'உபகாரச் சம்பளம்' என்றே வழங்கி வந்தனர். சொல் இனிமையானது, ஆயினும் அதிலே ஒரு மயக்கம் உண்டு. உபகாரம் என்பது கொடுப்பவன் மனமுவந்து அளிப்பது. மனம் மாறினால் நிறுத்திவிடவும் கூடியது. முப்பது ஆண்டு உழைத்தவனுக்குக் கிடைப்பது அத்தகைய உபகாரந்தானா? அன்றி, உழைத்த காலத்திலேயே அவன் ஈட்டி, முதுமைக்கென விட்டுவைத்த ஊதியமா? அமெரிக்காவிலே ஒரு பெரிய விமானக் கம்பனி வங்குரோத்து அடைந்தபோது, இவ்வினா 120,000க்கு மேற்பட்டோரின் வாழ்வைத் தொட்டது. அவ்வரலாற்றையே இன்று கூற எண்ணுகின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நமது ஊழியர் சேமலாப நிதியிலே ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு உண்டு. அதிற் சேர்ந்த தொகை அவருடையது. அமெரிக்கக் கம்பனிகளின் பழைய இளைப்பாற்றுத் திட்டங்கள் அத்தகையன அல்ல. இத்தனை ஆண்டுச் சேவைக்கு மாதம் இத்தனை டொலர் என்று கம்பனி வாக்களிக்கும். அவ்வாக்கைக் காக்கும் பொருட்டுப் பொது நிதியொன்றிற் பணம் இட்டு வரும். வாக்குப் பெரிதாகி நிதி சிறிதாக இருப்பினும், கம்பனி செழித்திருக்கும் வரை அக்குறை எவர் கண்ணிலும் படாது. கம்பனி சாயும் நாளிலேதான் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

இவ்வுண்மையை அமெரிக்கர் முதலில் உணர்ந்தது மோட்டார்க் கைத்தொழிலிலே. 1963 டிசம்பரில், இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரிலிருந்த ஸ்ரூடபேக்கர் கம்பனி தன் தொழிற்சாலையை மூடிற்று. ஏற்கெனவே இளைப்பாறியோரும் 60 வயதை எட்டியோரும் முழுப் பயனைப் பெற்றனர். அவர்களுக்கு இளையவரான 4,000க்கு மேற்பட்டோருக்கு, உரிய தொகையில் நூற்றுக்கு 15 வீதமளவே கிடைத்தது. அவர்களினும் இளையோர் வெறுங்கையுடன் வீடு சென்றனர். இத்துயரம் பலர் நெஞ்சிலும் நிலைத்தது. பதினொரு ஆண்டுகளின் பின், 1974 செப்டெம்பர் 2ஆம் நாள், ஜனாதிபதி போர்ட் ஒரு புதிய சட்டத்திற் கைச்சாத்திட்டார். இளைப்பாற்று நலன்களுக்கு உத்தரவாதமளிக்கும் அரசாங்கக் கூட்டுத்தாபனமொன்று அச்சட்டத்தால் உண்டாயிற்று. கம்பனிகள் அதற்குக் காப்புறுதிக் கட்டுப்பணம் செலுத்தும்; ஒரு கம்பனியின் திட்டம் முறிந்தால், சட்டம் வகுத்த எல்லை வரை கூட்டுத்தாபனம் பணம் கொடுக்கும்.

இனி விமானக் கம்பனிக்கு வருவோம். யுனைட்டட் எயர்லைன்ஸ் 2002 டிசம்பர் 9ஆம் நாள் வங்குரோத்துச் சட்டத்தின் பதினொராம் அத்தியாயத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரிற்று. இவ்வத்தியாயம் கம்பனியை மூடுவதற்கன்று. கடன்காரரைத் தடுத்து நிறுத்தி, தொழிலை நடத்திக்கொண்டே கணக்கைச் சீர்செய்வதற்கு இடமளிப்பது. ஆகவே விமானங்கள் பறந்தன. ஊழியரும் வேலை செய்தனர். ஆனால் 2004ஆம் ஆண்டில், இளைப்பாற்று நிதிகளுக்குச் செலுத்தவேண்டிய பணத்தைக் கம்பனி நிறுத்திற்று. 2005 மே 10ஆம் நாள், நான்கு இளைப்பாற்றுத் திட்டங்களையும் முடித்துக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கும் உடன்பாட்டைச் சிக்காகோ வங்குரோத்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அப்பொழுதுதான் குறையின் அளவு வெளியாயிற்று. கொடுத்த வாக்குக்கும் இருந்த நிதிக்கும் இடைவெளி ஏறத்தாழ 980 கோடி டொலர். அதில் 660 கோடியளவு கூட்டுத்தாபனத்தின் மேல் விழுந்தது. எஞ்சிய 320 கோடியும் ஊழியருக்கும் இளைப்பாறியோருக்கும் நேர்ந்த இழப்பு.

இவ்விழப்பு எல்லோர்மீதும் ஒரே அளவாக விழவில்லை. சிறு தொகைக்கு உரியோர் பலருக்குக் கூட்டுத்தாபனத்தின் எல்லை போதுமானதாயிற்று. விமானிகளோ பெரிதும் தாக்குண்டனர். அவ்வெல்லை 65 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 டொலர்; 60 வயதிலே தொடங்கினால் ஏறத்தாழ 29,000 மட்டுமே. அக்காலத்தில் விமானிகள் 60 வயதில் விமானமோட்டுவதை விட்டுவிடவேண்டுமென்பது அரசாங்க விதி. 2007 டிசம்பரிலேதான் அது 65 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு விதி முன்னதாக இளைப்பாறச் சொல்லிற்று; மற்றொரு விதி முன்னதாக இளைப்பாறியதற்காகக் குறைத்தது. இதிலே தொழிலாளி செய்த பிழை யாது?

வேறொரு வேதனையும் உண்டு. 1994இல் ஊழியரிற் பெரும்பகுதியினர் சம்பளக் குறைப்புக்கு இணங்கி, அதற்கீடாகக் கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு 55 வீதத்தைப் பெற்றிருந்தனர். 2006 பெப்ரவரியிற் கம்பனி வங்குரோத்திலிருந்து மீண்டபோது பழைய பங்குகள் பயனற்றுப் போயின. விட்டுக்கொடுத்த சம்பளமும் திரும்பவில்லை. காத்திருந்த இளைப்பாற்றுப் பணமும் குறைந்தது.

கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. 2001 செப்டெம்பரின் பின் பிரயாணிகள் குறைந்தனர். பங்குச் சந்தை வீழ்ந்து நிதிகளின் பெறுமதி சுருங்கிற்று. குறைந்த கட்டணத்தில் விமானம் நடத்திய புதிய கம்பனிகளுக்கு இத்தகைய பழைய பாரம் இருக்கவில்லை. சுமையை இறக்காவிடின் எவரும் கடன் தரார். கம்பனி மூடப்பட்டால் வேலையும் போகும் என்றனர் நிருவாகத்தினர். இவ்வச்சம் வீணானதன்று. 1991இல் பான் அமெரிக்கன் கம்பனி அடியோடு மறைந்ததை எல்லோரும் கண்டிருந்தனர்.

ஆயினும் வேறு வழியே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 2011 நவம்பரில் அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனியும் வங்குரோத்தில் வீழ்ந்தது. அதுவும் முதலிலே திட்டங்களை முடித்துவிடவே எண்ணிற்று. உத்தரவாதக் கூட்டுத்தாபனமும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றமையால், 2012இல் அவை முடிக்கப்படாது உறைநிலையில் வைக்கப்பட்டன. அஃதாவது, இனிமேல் புதிய உரிமை சேராது. ஆனால் அதுவரை உழைத்துச் சேர்த்தது அழியாது. வருங்காலத்தைக் குறைப்பது வேறு, கடந்த காலத்தைப் பறிப்பது வேறு என்ற பாகுபாடு அங்கே காக்கப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாறு புகட்டுவது இதுவே. நாளை தருவேன் என்று முதலாளி சொல்லும் நாளிலேயே அதற்குரிய பணம் தனியே சேரவேண்டும். அது சேர்கின்றதா என்பதைப் பிறர் பார்த்துச் சொல்லவும் வேண்டும். கடன் கொடுத்தவன் பொறுப்பறிந்து, ஈடு பெற்றுக் கடன் கொடுக்கின்றான். தொழிலாளியோ ஈடு எதுவும் பெறாமலே தன் ஆயுளிற் பாதியைக் கடனாகக் கொடுக்கின்றான். அக்கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கு உபகாரம் என்ற பெயர் பொருந்தாது. அதன் பெயர் ஊதியம்.