உயிர்ப்பு ஞாயிறன்று பற்றவைத்த தீ

இன்றைய நற்செய்தியில் அறிவற்ற செல்வன் உவமையைக் கேட்டோம் (லூக்கா 12: 13-21). இதைச் சிந்திக்கும் வேளையில், அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தின் சிறிய அரங்கில் நாங்கள் சிலர் பார்த்த ஆவணப்படம் நினைவுக்கு வருகிறது. ஆடம் கர்ட்டிஸ் இயக்கி, 2002ம் ஆண்டு பி.பி.சி. ஒளிபரப்பிய 'தி செஞ்சுரி ஆஃப் த செல்ஃப்' என்ற படம் அது. நான்கு பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் திரையிட்டனர். அதுவே போதுமானதாக இருந்தது.

உளவியல் மேதை சிக்மண்ட் ஃப்ராய்டின் தங்கை மகன் எட்வர்ட் பெர்னேய்ஸ், அமெரிக்காவில் விளம்பர ஆலோசகராக இருந்தார். பெண்கள் பொது இடங்களில் புகைப்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. பெண்களும் வாங்கினால் விற்பனை பெருகுமே என்று ஒரு சிகரெட் நிறுவனம் அவரை அணுகியது. 1929ம் ஆண்டு, மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா. ஆலய வழிபாடு முடிந்து, புத்தாடையுடன் மக்கள் ஊர்வலமாகச் செல்லும் நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவில், இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்தனர். 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. மறுநாள் செய்தித்தாள்களில் அது இடம்பெற்றது. பின்னணியில் நிறுவனத்தின் பணம் இருந்தது வாசகர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920ல்தான். ஆணுக்கு நிகராக நடத்தப்பட வேண்டும் என்ற அவர்களது பசி உண்மையானது. அந்தப் பசிக்குத்தான் புகையைக் கொடுத்தார்கள். விளம்பரம் செய்யும் வேலையே இதுதான். நம்மிடம் ஏற்கனவே உள்ள நல்ல ஏக்கத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு பொருளை ஒட்டிவிடுகிறது. தாயின் பாசத்தின்மேல் ஒரு பால்மாவு. தந்தையின் பொறுப்புணர்வின்மேல் ஒரு கார்.

நற்செய்தியில் இயேசுவிடம் வந்தவரும் ஓர் ஏக்கத்தோடுதான் வந்தார். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. அவர் கேட்ட பங்கு நியாயமானதாகவே இருந்திருக்கலாம். இயேசு பாகம் பிரித்துத் தரவில்லை. ஒரு கதை சொல்கிறார். அந்தக் கதையில் செல்வன் யாரோடும் பேசுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அறுவடை செய்த கூலியாள்கள் எங்கே? மனைவி, மக்கள் எங்கே? தன் நெஞ்சோடு மட்டுமே பேசுகிறான். ஆனாலும், ஒரு விதத்தில் அவன் நம்மைவிடத் தேவலை. பல ஆண்டுகளுக்குப் போதும் என்றாவது அவனால் சொல்ல முடிந்தது. பண்டிகைக்குப் பண்டிகை புது அலைபேசி தேடும் நமக்கு அந்தச் சொல்லே மறந்துவிட்டது.

இதே பெர்னேய்ஸ், தன் மனைவி புகைப்பதை நிறுத்த வீட்டில் பாடுபட்டாராம். பிற்காலத்தில் புகைக்கு எதிரான முயற்சிகளுக்கும் ஆதரவளித்தார். விற்றவருக்கு வீட்டுக்குள் அந்தத் தீப்பந்தம் வேண்டியிருக்கவில்லை.

படம் முடிந்து கனத்த மனதோடு எழுந்தோம். அரங்கிலிருந்து வெளியேறும் வழி, அருங்காட்சியகத்தின் கடை வழியாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்துத் தெருவுக்கு வந்தபோது, எங்களில் மூவர் கையில் காகிதப் பைகள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். என்ன வாங்கினோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.