கிணற்றடியில் தொடங்கட்டும் விஞ்ஞானம்

(விஞ்ஞான ஆசிரியர்களும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விஞ்ஞான ஆசிரியரின் வளர்ச்சி பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். பிறர் குறையை எடுத்துரைக்குமுன் எம் குறையைச் சொல்லிவிடுவதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன் அடர்த்தி என்னும் பாடத்தை நாம் படிப்பித்தோம். வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதினோம். மாணவர் கொப்பியில் எழுதிக்கொண்டனர். பரீட்சையில் பிழையின்றி எழுதியும் தந்தனர். கமக்காரர் ஒருவரின் மகன் மட்டும் எழுந்து, "ஐயா, ஆவணி மாதத்தில் எங்கள் தோட்டக் கிணறு ஏன் உவர்க்கிறது?" என்று வினவினான். அன்று படிப்பித்த பாடத்திலேயே அதற்கு விடை இருந்தது. அதனை அவனும் அறிந்திலன், நாமும் அறிந்திலோம். "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று கூறி அவனை இருத்தினோம். அந்தச் சொல் இன்றும் எம்மை உறுத்துகின்றது.

அவன் வினாவுக்கு விடை யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் பெய்யும் மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணற்று நீர். நன்னீரின் அடர்த்தி 1.000 ஆயின், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அடி நன்னீருக்கும் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது பெறப்படும். மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழே உவர்நீர் 40 அடி எழும். சுண்ணக்கல்லில் பொந்துகளும் பிளவுகளும் உள்ளமையால் இக்கணக்கு எவ்விடத்தும் அச்சொட்டாகப் பொருந்தாது. எனினும் அது தரும் எச்சரிக்கை பொய்யன்று. நம் முன்னோர் துலாவால் மெல்ல இறைத்தனர். இன்று இயந்திரம் விரைந்து இறைக்கின்றது. விரைந்து இறைக்குந்தோறும் கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் மேலெழுகின்றது.

இதனைக் காட்ட ஆய்வுகூடம் வேண்டுமோ? கண்ணாடிப் போத்தல் ஒன்று, ஒரு பிடி உப்பு, சிறிது பீற்றூட் சாறு, ஊசியில்லாச் சிறிஞ்சு ஒன்று, மெல்லிய குழாய் ஒன்று போதும். உப்பு நீரைச் சாற்றினாற் சிவப்பாக்கிப் போத்தலில் அரைவாசி நிரப்புங்கள். அதன்மேல் கரண்டியைச் சாய்த்து, நன்னீரை மெல்ல வாருங்கள். இரண்டும் கலவாது நிற்கும். குழாயின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே வைத்து, முதலில் மெல்லவும் பின்னர் விரைந்தும் உறிஞ்சுங்கள். விரைந்து உறிஞ்சும்போது சிவந்த நீர் இழைபோல் எழுந்து குழாயினுட் புகுவதைப் பிள்ளைகள் தம் கண்ணாற் காண்பர்.

ஆயினும் காட்டுவது மட்டும் போதாது. செய்து காட்டுமுன், "என்ன நிகழும்? ஏன்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள். பின்னர் கண்டதை எழுதட்டும். நினைத்ததும் கண்டதும் எங்கே மாறுபட்டன என்பதை அவர்களே பேசட்டும். பிழையாக நினைத்தல் இழிவன்று. அறிவு நுழையும் வாயில் அதுவே.

செம்பரத்தம்பூச் சாறு புளியிற் சிவப்பதும், காரத்திற் பச்சையாவதும் இரசாயனவியற் பாடம். சுண்ணக்கல்லின்மேல் தேசிக்காய்ப் புளி விட்டால் குமிழி எழுவது நம் நிலத்தின் வரலாறு. மழைநீரில் நுரைக்கும் சவர்க்காரம் கிணற்று நீரில் நுரைக்க மறுப்பதும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

கமக்காரப் பெரியோர்களே, இது உங்களையும் தொட்ட விடயம். பயிர் கொள்ளும் அளவுக்கு மேலிட்ட பசளை செம்மண்ணினூடே இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகின், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையக்கூடும். தோட்டத்தில் இட்டது தொட்டிலைத் தொடுகின்றது! இதனை வீட்டில் எடுத்துச் சொல்லும் பிள்ளையை வகுப்பறை உருவாக்கவேண்டாமா?

அத்தகைய வகுப்பறைக்கு வளரும் ஆசிரியர் வேண்டும். சுற்றுநிருபத்தாலும் ஒருநாட் கருத்தரங்காலும் மட்டும் ஆசிரியர் வளர்வதில்லை. யப்பானிய ஆசிரியர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழி ஒன்றுண்டு. சிலர் கூடி ஒரு பாடத்தை ஆயத்தஞ் செய்வர்; ஒருவர் படிப்பிப்பார்; மற்றையோர் படிப்பிப்பவரை அன்றிப் பிள்ளைகளையே நோக்குவர்; பின்னர் கூடியிருந்து அப்பாடத்தைத் திருத்துவர். ஆங்கே குற்றங் காண்பார் இல்லை, கற்பாரே உளர். அயற் பாடசாலை ஆசிரியர் நால்வர் மாதம் ஒருமுறை இவ்வாறு கூடுதல் நமக்கு இயலாததா? அவர்களது வகுப்புகள் வாரந்தோறும் ஒரே கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, ஆண்டு முழுவதும் குறித்து வரட்டும். கிணற்றுக்குரிய கமக்காரரும் அன்று வகுப்புக்கு வரட்டும். அவரறிந்தவை பல நாம் அறியாதவை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் படிப்பித்தார். தமிழில் விஞ்ஞானம் இயலுமா என்ற ஐயம் அன்றே தீர்ந்தது. ஆனால் பொருளைக் காணாது மனனஞ் செய்த சொல், எம்மொழியில் இருப்பினும் அந்நியச் சொல்லே.

பெற்றோரே, அதிபர்களே! புள்ளியை மட்டும் கேளாதீர்கள். "இன்று என்ன வினா எழுப்பினாய்?" என்றும் பிள்ளையைக் கேளுங்கள். அன்று நாம் இருத்திய மாணவன் மீண்டும் எழுந்து நிற்கட்டும். அவன் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியராக நாம் இருப்போமாக.