மூச்சுக்குழாயும் பஞ்சுத் தூசியும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி விழாவில் இழுப்பு நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மார்கழி மாதத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் விடை கிடைக்கும். இரைப்பு, வீசிங் என்று விடுப்புக் கடிதம் தரும் பிள்ளைகளிற் பலர் நம் தெருப் பிள்ளைகளே.

நாம் இழுக்கும் காற்று, மரக்கிளைகள் போலப் பிரிந்து செல்லும் குழாய்களின் வழியே நுரையீரலை அடைகிறது. அக்குழாய்களைச் சுற்றித் தசை. உட்புறம் ஈரமான சவ்வு. ஆஸ்துமா உடையவர்க்கு, இழுப்பு இல்லாத நாளிலும் அச்சவ்வு உள்ளூர அழன்றிருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், கரப்பான் எச்சம் போன்ற ஒவ்வாத பொருள் பட்டவுடன், உடல் அதனைப் பகையெனக் கருதி ஹிஸ்டமின் முதலியவற்றைச் சுரக்கிறது. அடுப்புப் புகையும் சளிக்காய்ச்சலும் வேறு வழியில் அதே தொல்லையை மூட்டும். தசை இறுகும், சவ்வு வீங்கும், பசை போன்ற சளி அடைக்கும். குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்குத் தடை ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பௌதிகக் கணக்கு. உள்ளே போன மூச்சை வெளிவிடுவதே பெரும்பாடாகிறது. அப்போது எழுவதே அந்த விசில் ஒலி.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றிப் பஞ்சாலைகள் பெருகின. அவை நமக்குக் கூலி தந்தன, தூசியும் தந்தன. பஞ்சை உடைக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் தூசியில் இலைத் துகளும் பாக்டீரியா நஞ்சும் உண்டு. அதனால் வருவது பிசினோசிஸ். ஆஸ்துமாவுக்கு உறவினன் போலத் தோன்றினும் இது வேறு நோய். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் இறுகும். முற்றினால் வேலையை விட்டாலும் மூச்சு மீளாது. அமெரிக்காவில் 1978இலேயே நூற்பு ஆலைக் காற்றில் கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம் தூசி என வரம்பு விதித்தார்கள். நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இந்நோய் உண்டு. பட்டியலில் இருப்பதை அறியாமலே, ‘பீடியால் வந்த இருமல்’ என்று ஒதுங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். பீடி அதனை மோசமாக்கும் என்பதும் உண்மையே.

திருமணப் பணம் சேருமென்று பத்தாம் வகுப்போடு நம் பெண்களை ஆலை விடுதிகளுக்கு அனுப்பினோமே, அந்தச் ‘சுமங்கலித் திட்டத்தில்’ சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பியவர் யார்?

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அது கள் அன்று. சால்புட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் உள்ளழற்சியைத் தணிக்கும். முன்னதை மட்டும் இழுத்துவிட்டுப் பின்னதை நிறுத்துவதே ஆபத்து. பெண்ணுக்கு வரன் அமையாதென்று அதனை ஒளித்து வைப்பது அதனினும் கொடுமை. ஆசிரிய நண்பர்களே, அது பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டாதீர்கள்.

ஆலைத் தொழிலாளர்கள் மருத்துவரிடம் மூச்சு முட்டுகிறது என்பதோடு நில்லாமல், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை, விடுமுறைக்கு மறுநாள் மிகுகிறதா என்பவற்றையும் கூறிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இழப்பீடு கோரும்போது அச்சீட்டே சான்று. மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.