எண்ணிக்கையும் பயனும்

(சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோயில்களும் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் இன்று இணையத்தளம் நடத்துகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்ததும், "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்ற வினா எழுகின்றது. எண் பெரிதாயின் கைதட்டல், சிறிதாயின், "ஒருவரும் பாராத பக்கங்களுக்குச் செலவு ஏன்?" என்ற முணுமுணுப்பு. அந்த எண்ணை எவ்வாறு வாசிப்பது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

ஆடிவேல் இரதம் காலி வீதியில் வரும்போது இருமருங்கும் சனத்திரள். அவர்களுள் அடியார் யார், வேடிக்கை பார்ப்பவர் யார், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் யார்? தலைகளை எண்ணுபவனுக்கு எல்லாரும் ஒன்றே. இணையத்தளத்தின் கணக்கும் இத்தகையதே. கருவி எண்ணுவது ஆட்களையல்ல; அவர்கள் கையாளும் பொறிகளையே. வெள்ளவத்தை அன்பர் ஒருவர் காலையில் கைத்தொலைபேசியிலும் மாலையில் கந்தோர்க் கணினியிலும் பார்த்தால் இருவராகிறார். கொட்டாஞ்சேனையில் ஒரே கணினியில் பார்க்கும் தந்தையும் தாயும் மகளும் ஒருவராகின்றனர்.

அடுத்தது "ஈடுபாடு" என்னும் சொல். கூகிள் நிறுவனத்தின் கணக்குக் கருவி 2023ஆம் ஆண்டில் பழைய முறையைக் கைவிட்டுப் புதிய முறைக்கு மாறியது. இப்போதைய விதிப்படி, ஒரு வருகை 10 வினாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களேனும் பார்க்கப்பட்டாலோ, தளத்தார் முக்கியமெனக் குறித்த செயலொன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள வருகையாம். பூசை நேரத்தை மட்டும் அறிய வந்தவர் ஐந்தே வினாடியில் அறிந்து திரும்பினால், அவர் ஈடுபாடற்றவர் என்றே பதிவாவார். ஆனால் தளம் தன் கடமையை அங்கே செவ்வனே செய்துவிட்டதன்றோ?

சிறிய தளங்களுக்கு விழுக்காடும் ஒரு பொறியே. சென்ற வாரம் 20 பேர், இவ்வாரம் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு வளர்ச்சி என்று முழங்கலாம். உண்மையில் கூடியவர் பத்துப் பேர்; ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பாருக்குச் சொல்லியிருந்தால் அதுவே போதும்.

இனி, இதன் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்வடிவிற் காக்கும் "நூலகம்" என்னும் இணைய நூலகம் 2005இல் தொடங்கியது. கிராமத்துப் பாடசாலையொன்றின் பழைய மலர் அங்கு இருந்தால், அதனை ஆண்டுக்கு எத்தனை பேர் தேடுவர்? ரொறன்ரோவில் வாழும் பேரன் ஒருவன் தன் பாட்டனாரின் பெயரைத் தேடி வரலாம். பக்கத்தைத் திறந்து கோப்பை எடுத்துக்கொண்டு, அதனை ஒரு மணி நேரம் வாசிக்கலாம். கருவி பக்கத்தைத் திறந்ததை அறியும். கோப்பை எடுத்ததையும் அறியக்கூடும். அந்த ஒரு மணி நேரத்தை அறியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏட்டுச் சுவடிகளை நாளொன்றுக்கு எத்தனை பேர் புரட்டினர் என்று கணக்குப் பார்த்தா நாம் இன்றும் வருந்துகின்றோம்?

ஆதலால், நாம் வேண்டுவன நான்கு. ஒவ்வொரு பக்கமும் யாருக்காக, எதற்காக என்பதை முதலில் எழுதிவைத்து, பின்னரே எண்ணைப் பார்ப்போம். நவராத்திரி மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் நவராத்திரியோடு ஒப்பிடுவோம். ஐயம் எழுந்தால், பயன்படுத்துவோர் ஐவரையாவது நேரிற் கேட்போம். பார்வை குறைந்தது என்ற ஒரே காரணத்தால் எந்தப் பக்கத்தையும் நீக்கும் முன், அது போனால் வேறெங்கே கிடைக்கும் என்று கேட்போமாக. எண் நமக்கு வழிகாட்டலாம். தீர்ப்பு நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.