ஊர்க் கணக்கை ஊரார் அறிதல்



நிலத்தின் அளவை அறியாமல் விதைக்கப் புகும் உழவர் எவரும் இலர். எத்தனை மரக்கால் விதை வேண்டும், எத்தனை வண்டி எரு வேண்டும் என்பவை யாவும் அந்த அளவைக் கொண்டே முடிவாகின்றன. கிராமத்துக்குத் திட்டம் தீட்டுவதும் அத்தகையதே. ஊரில் குடும்பங்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, ஏரிப் பாசனம் எவ்வளவு, கிணற்றுப் பாசனம் எவ்வளவு என்னும் கணக்கு கையில் இன்றித் தீட்டும் திட்டம் வெறும் ஊகமேயாகும்.

இத்தகைய கணக்குகள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. ஐந்து அல்லது பத்துக் கிராமங்களின் நிலங்களையும் குடிகளையும் பதிவு செய்து வைக்கும் அதிகாரி ஒருவரைப் பற்றிக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கூறுகிறது. நாடு முழுவதிலும் ஒரே காலத்தில் குடிக்கணக்கு எடுக்கும் முறை 1881-இல் தொடங்கியது. முன்னாளில் அந்தக் கணக்கைக் காண வேண்டுமாயின் நூலகத்துக்கோ அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று அது இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. படித்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே அதை எடுத்துத் தந்துவிடலாம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பஞ்சாயத்துகளில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படும் இடங்கள், வெளியிடப்பட்ட கடைசிக் குடிக்கணக்கில் அவர்களுக்குள்ள விகிதத்தைக் கொண்டே அமைய வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஸ்தல ஸ்தாபனங்களின் மானியத்தை மாநிலங்களிடையே பங்கிட்ட 15-ஆவது நிதிக் குழு, 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக்கு 90 சதவீதமும் பரப்பளவுக்கு 10 சதவீதமும் மதிப்புக் கொடுத்தது. ஆகவே பதவியும் பணமும் இந்த எண்களைப் பின்பற்றியே வருகின்றன. எண்ணை அறியாதவர் தமக்குரிய பங்கையும் அறிய மாட்டார்.

இனி, தேடும் முறையைக் காண்போம். இந்தியக் குடிக்கணக்குத் துறையின் இணையதளத்தில் 2011-ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு உள்ளது. அதன் முதற் பகுதியில் ஊர்தோறும் உள்ள பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், சாலை, நில உபயோகம், பாசனம் ஆகியவை காட்டப்பட்டுள்ளன. ஒரு வசதி ஊரில் இல்லையெனில் அது எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. ‘ஏ’ என்பது ஐந்து கிலோமீட்டருக்கு உட்பட்டதையும், ‘பி’ என்பது ஐந்து முதல் பத்து வரையிலும், ‘சி’ என்பது பத்துக்கு மேற்பட்டதையும் உணர்த்தும். இரண்டாம் பகுதியில் வீடுவாரிக் குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுத்தறிந்தோர், பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர் முதலிய தொகைகள் உள்ளன.

இங்கே இரண்டு இடங்களில் தடுமாற்றம் நேரிடக் கூடும். முதலாவது, மாவட்டத்தின் பெயர். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்தன; இன்று 38 உள்ளன. எனவே தென்காசி மாவட்டத்து ஊரைத் திருநெல்வேலிக் கையேட்டிலும், கள்ளக்குறிச்சியைச் சேர்ந்ததை விழுப்புரத்திலும், மயிலாடுதுறையைச் சேர்ந்ததை நாகப்பட்டினத்திலும் தேடுதல் வேண்டும். இரண்டாவது, கிராமம் என்னும் சொல். குடிக்கணக்கு வருவாய்க் கிராமத்தைக் கொண்டது. பஞ்சாயத்தின் எல்லை வேறாக இருக்கலாம். ஒரு பஞ்சாயத்தில் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் அடங்கியிருப்பின் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளமையால், ஒவ்வொரு கிராமத்துக்கும் தரப்பட்டுள்ள ஆறு இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

எண் கிடைத்துவிட்டால் போதாது. அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஓர் ஊரில் 2,400 பேர் இருப்பதாகவும், அவர்களுள் 240 பேர் ஆறு வயது வரையிலான குழந்தைகள் என்றும், எழுத்தறிந்தோர் 1,620 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். 1,620-ஐ 2,400-ஆல் வகுத்தால் 67.5 சதவீதம் வரும். ஆனால் எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே கணக்கிடப்படுவது. குழந்தைகளை நீக்கி 2,160-ஆல் வகுத்தால் 75 சதவீதம் ஆகும். மாநில விகிதமாகிய 80.09-உடன் ஒப்பிட வேண்டியது இரண்டாவது எண்ணையே. அவ்வாறே, ஆண்டில் ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைவாக வேலை செய்தவர் குறுகிய காலத் தொழிலாளர். ஓர் ஊரில் பின்னவர் தொகை மிகுந்திருந்தால், அங்கே வேலையில்லாத மாதங்கள் பல என்பது விளங்கும்.

வேறு கணக்குகளும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வு, தேர்ந்தெடுத்த சில குடும்பங்களை மட்டும் விசாரித்து எடுக்கப்படுவது. அது மாவட்டம் வரையில் பேசும். ஒரு தனி ஊரைப் பற்றிப் பேசாது. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் அந்தியோதயா இயக்க ஆய்வு, பஞ்சாயத்துவாரியாக வசதிகளையும் குறைகளையும் பதிவு செய்துள்ளது. 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்தின் திட்டத்தையும் செலவையும் எவரும் காணலாம். நம் ஊரைப் பற்றி அங்கே எழுதப்பட்டிருப்பது மெய்தானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை. இல்லாத வசதி இருப்பதாகப் பதிவாகியிருந்தால், அந்த வசதி நமக்குக் கிடைப்பது தாமதமாகலாம்.

2011-இன் கணக்கு பழையதாயிற்றே என்னும் ஆட்சேபம் நியாயமானது. அதன்பின் பிறந்த குழந்தைகள் இன்று உயர்நிலைப் பள்ளியில் பயில்கின்றனர். ஆதலால் பழைய எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, வேலை அட்டை ஆகியவற்றைக் கொண்டு வார்டுதோறும் நாமே ஒரு கணக்கு எடுத்தல் வேண்டும். இரண்டையும் அருகருகே எழுதி, எது அரசாங்கக் கணக்கு, எது ஊரார் கணக்கு என்பதைத் தெளிவாகக் குறித்து, கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். “எங்கள் ஊருக்கு மருத்துவ நிலையம் வேண்டும்” என்னும் மனுவைவிட, “இத்தனை குடும்பங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் மருத்துவ நிலையம் இல்லை, அரசாங்கக் கையேட்டிலேயே அவ்வாறு உள்ளது” என்னும் மனு வலிமை மிக்கது.

இறுதியாக ஒன்று. அடுத்த குடிக்கணக்கு 2027 மார்ச்சு 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படும் என்றும், அதில் சாதி விவரமும் கேட்கப்படும் என்றும் 2025-இல் மத்திய அரசு அறிவித்தது. கொல்லைமேட்டில் தனித்திருக்கும் குடிசையும், பிழைப்புக்காக வந்து தங்கிய குடும்பமும் அத்தகைய கணக்கில் விடுபடலாகாது. தனி நபர் கூறும் விவரம் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரகசியமாகக் காக்கப்படுவது. ஆதலால் அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை. இன்று நாம் ஒரு குடும்பத்தை விட்டுவிட்டால், பல ஆண்டுகளுக்கு எந்தத் திட்டத்திலும் அக்குடும்பம் கணக்கில் வராது. ஊர்க் கணக்கை அறிவோம், பிழையிருப்பின் திருத்துவோம், நமக்குரியதை உரிமையுடன் கேட்டுப் பெறுவோம்.